அம்மனுக்குத் தாய்மாமன் தேடிய கதை

போன வாரம், இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாக, ஒரு வாடிக்கையாளரின் காதில் ட்ரில் வைத்தேன். அவர் அழவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

பதறாதீர்கள். போலீஸ் கேஸ் எதுவும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து மூச்சு வாங்க ஏறிவரும் ரோட்டில் என் வீடு. பின்னறையில் செம்பு, பித்தளை, கொஞ்சம் வெள்ளி வைத்துக்கொண்டு கையால் நகை செய்கிறேன். எல்ல என்ற ஊர்ப் பக்கம் மலை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது என்னுடைய கொழுந்துத் தோடு. இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு, எல்லாம் செம்புத் தகட்டில் அடித்தது. அதுதான் என் கலையின் முத்திரை என்று நானே என்னைப் பற்றிப் பேசிக்கொள்வேன். வேறு யார் பேசப் போகிறார்கள்?

போன மாதம் சரோஜா வந்தாள். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சில வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. லீவில் வந்திருந்தாள். கூடவே மகள் தர்ஷி. இரட்டைப் பின்னல், ஸ்கூல் யூனிஃபார்ம். எதைக் கேட்டாலும் அம்மா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும் பிள்ளை.

"அக்கா, ஒரு ஜோடி ஜிமிக்கி வேணும். நல்லாப் பெருசா."

"உங்களுக்கா?"

"எனக்கில்லக்கா. ஆத்தாளுக்கு."

விஷயம் இதுதான். தர்ஷிக்குக் காதில் சீழ் வைத்து, கேட்பதே மங்கிப்போய், கடைசியில் ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கிறது. அந்த நேரம் சரோஜா குவைத்தில், யாரோ ஒருவரின் சமையலறையில், அடுப்பில் சோறு கொதிக்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அங்கே நின்றபடியே நேர்ந்துகொண்டாளாம். பிள்ளைக்குக் காது கேட்டால், தோட்டத்து மாரியம்மன் காதுக்கு ஒரு ஜோடித் தோடு.

"காதுக்குக் காது. நேர்த்தி சரிதானே அக்கா?"

தர்ஷிக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. நான் ரகசியமாக டீ போடலாமா என்று முணுமுணுத்ததற்கு, பக்கத்து அறைக்குப் போயிருந்த பிள்ளையிடமிருந்து "சீனி கொஞ்சம் கூடப் போடுங்க" என்று பதில் வந்தது.

"திருவிழா முடிஞ்ச கையோட எனக்குப் பிளேன். அதுக்குள்ள ஆத்தா காதுல ஏறிடணும். என் புள்ள காதுல கத்தி வச்சப்ப நான் பக்கத்துல இல்ல. இதுக்காவது பக்கத்துல நிக்கணும்க்கா" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டு, தர்ஷி சின்ன வயதில் போட்டிருந்த வெள்ளிக் கொலுசை என் மேசையில் வைத்தாள். அதையும் உருக்கிச் சேர்க்க வேண்டுமாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு வேலைக்காகத்தானே கலைஞர்கள் காத்திருக்கிறோம்? பென்சிலை எடுத்து, அங்கேயே, அப்போதே, என் வாழ்நாள் சாதனையை வரைந்தேன். மாரியம்மன் காதில் தொங்கும் இரண்டு இலை, ஒரு மொட்டு. தோட்டத்து மக்களின் சாமிக்குத் தோட்டத்தின் கொழுந்து. ஆகா.

சரோஜா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. விடிஞ்சதுல இருந்து கொழுந்தப் பாத்துப் பாத்துத்தான் எங்க சனத்துக்குக் கண்ணு பூத்துப் போயிருக்கு. சாமி காதுலயும் அதையே தொங்க விட்டா, கும்புடப் போற நேரம் காலையில பெரட்டுல நின்னு வேலைக்குப் பேர் குடுக்கப் போற மாதிரி இருக்காதா? சும்மா ஜிமிக்கி போடுங்க. கொழுகொழுன்னு."

கலைஞரின் முத்திரை அத்தோடு குப்பைக் கூடைக்குப் போனது. உலோகத்தைச் சுட்டால் வளைந்து கொடுக்கும். வாடிக்கையாளரை அப்படிச் செய்ய முடியாதே...

கொழுகொழுவென்றே செய்தேன். கொலுசை உருக்கிச் செம்போடு சேர்த்து, தகடாக்கி, குழியில் வைத்துத் தட்டித் தட்டிக் குடையாக்கி, விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டி மணிகளைப் பற்றவைத்து... ஒரு மணி சரியாக உட்காராவிட்டால் மொத்தத்தையும் பிரித்துத் திரும்பச் செய்தேன். சர்ச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில்கூட, பிரசங்கத்தின் நடுவில், மணிகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

அளவு? அதெல்லாம் பக்காவாக எடுத்தேன். தேரில் ஊர்வலம் போவதற்கென்று ஐம்பொன்னில் புது அம்மன் வார்த்து வந்திருந்தது. சரோஜா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். பூசாரியை விட்டுக் காது மடலை நூலால் அளந்து, அந்த நூலையும் கொடுத்து விட்டாள். எல்லாம் கேட்டேன். ஒன்றே ஒன்றைத்தான் கேட்கவில்லை.

காதில் ஓட்டை இருக்கிறதா?

நீங்கள் மட்டும் கேட்டிருப்பீர்களா, சொல்லுங்கள். காது குத்தாத ஒரு பொம்பளையை நம் ஊரில் பார்த்ததுண்டா? பல் முளைக்கும் முன்பே தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிடுகிறோம். என் இத்தனை வருஷத் தொழிலில் எந்தப் பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆக, இரண்டு ஜிமிக்கிக்கும் பின்னால் நல்ல கெட்டியான திருகாணி வைத்து, சிவப்பு வெல்வெட் பெட்டியில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, திருவிழாவுக்குச் சில நாள் முன்பே தோட்டத்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கோயிலை ஒட்டிய கமிட்டி அறையில் அம்மன் வெள்ளைத் துணி சுற்றி நின்றுகொண்டிருந்தாள். இன்னும் கண் திறக்கவில்லை. முழங்கால் உயரம்தான், ஆனால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். துணியை விலக்கினோம். காது வழவழவென்று, ஓட்டைக்கான அறிகுறியே இல்லாமல் பளபளத்தது.

நான் இடது காதைத் தடவினேன். சரோஜா வலது காதைத் தடவினாள். பிறகு இடம் மாறித் தடவினோம்.

"வார்க்கிறப்ப விட்டுப் போச்சோ, மிஸ்?" என்றார் கோயில் கமிட்டித் தலைவர். நான்தான் அம்மனைச் செய்தேன் என்பது போலக் கேட்டார்.

பூசாரி முனியாண்டி அண்ணன் நல்ல மனுஷன். பகலில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, மாலையில் பூசை. "நூலக் கட்டித் தொங்க விட்டுட்டாப் போச்சு. மாலை மறைச்சிரும்" என்றார்.

நான் இன்னும் ஒரு படி மேலே போய், கிளிப் வைத்துத் தருகிறேன் என்றேன். ஓட்டையே வேண்டாம், கவ்விக்கொள்ளும்.

சரோஜா பெட்டியை மூடிவிட்டாள்.

"என் புள்ளைக்கு நெசமாவே காதுல கத்தி வச்சாங்க. ஆத்தாளுக்கு மட்டும் கிளிப்பா? நான் நேர்ந்துக்கிட்டது காதுல போடுறதுக்கு. கவ்வ வைக்கிறதுக்கில்ல. நாளைக்குப் புள்ளைக்குத் திரும்ப ஏதாச்சும் ஆச்சுன்னா, அங்க குவைத்துல உக்காந்து நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

அந்தப் பயம் எல்லோருக்கும் புரிகிற பயம். அப்படியானால் ஓட்டை போட வேண்டியதுதான். என் பையில் ட்ரில் எப்போதும் இருக்கும். எடுக்கப் போனேன்.

"அம்மா, பொறுங்க" என்றார் பூசாரி. "இப்பக் கூடாது."

"ஏன் அண்ணே?"

"ஆத்தா இன்னும் கண்ணு தொறக்கல. அப்படின்னா இன்னும் பொறக்கல. பொறக்காத புள்ளைக்கு யாராவது காது குத்துவாங்களா?"

"சரி, கண் திறந்த பிறகு போடலாமா?"

"கண்ணு தொறந்து பூசை வச்சிட்டா அது சாமியாச்சே. சாமி மேல ட்ரில் வைக்கிற தைரியம் இங்க யாருக்கு இருக்கு?"

"அப்படியானால் எப்போதுதான் போடுவது?"

பூசாரி கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். "கண்ணு தொறந்ததுக்குப் பொறகு, மொதப் பூசைக்கு முந்தி. நடுவுல அந்தக் கொஞ்ச நேரம் ஆத்தா கைப்புள்ள. கைப்புள்ளைக்குக் காது குத்துனா யாரு என்னான்னு கேக்க முடியும்?"

எனக்குத் தலை சுற்றியது. மற்ற எல்லோரும் ரொம்ப நியாயம் என்று தலையாட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். தலைவர் விடவில்லை.

"காதுகுத்துன்னா சும்மா இல்லியே. தாய்மாமன் மடி வேணுமே."

மாமன் மடியில் உட்காராமல் காது குத்திக்கொண்ட பிள்ளையை அந்தத் தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மனுக்குத் தாய்மாமன் யார்?

"அதுக்கு மொத அம்மனுக்கு அம்மா யாருன்னு பாக்கணும்" என்றார் ஒருவர்.

"அவதானய்யா எல்லாருக்கும் அம்மா."

"அதத்தான் சொல்றேன். அப்ப அவளுக்கு யாரு?"

தோட்டத்தின் மேல் டிவிஷன்காரர்கள் சொன்னார்கள்: கோயிலுக்கு முதல் கல்லை நட்டது எங்கள் ஆட்கள், ஆகவே எங்கள் லயம்தான் அம்மனின் தாய்வீடு, மாமனும் நாங்கள்தான். கீழ் டிவிஷன்காரர்கள் சொன்னார்கள்: அபிஷேகத்துக்குத் தண்ணீர் எங்கள் பீலி ஊற்றிலிருந்துதான் வருகிறது, தண்ணீர் கொடுத்தவன்தான் தாய்வீட்டுக்காரன். தலைவர் மேல் டிவிஷன். பூசாரி கீழ் டிவிஷன். டீ வந்தது. டீக்குப் பிறகு குரல்கள் இன்னும் உயர்ந்தன. தங்கள் ஆள் மடியில் அம்மன் உட்காராவிட்டால் தேர் வடத்தைத் தொட மாட்டோம் என்று ஒரு பக்கம் சொல்ல, தொடாவிட்டால் போங்கள் என்று மறுபக்கம் சொன்னது. காதுகுத்தும் இல்லை, தேரும் இல்லை என்கிற இடத்துக்கு வந்து நின்றோம்.

சரோஜா மூலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இவங்க மாமனத் தேடி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பிளேன் போயிரும்க்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் நக்கல் வரும். அதுதான் என் வியாதி.

"அம்மனைச் செய்தவர் அப்பா என்றால், அவர் பெண்டாட்டி அம்மா. அந்த அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தால் அவர்தான் தாய்மாமன். போன் போட்டுக் கூப்பிடுங்கள், வந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும்."

நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தலைவரைப் பார்த்தார். மேல் டிவிஷனும் இல்லை, கீழ் டிவிஷனும் இல்லை... "மிஸ் சொல்றது சரிதான்" என்றார் தலைவர். அன்று முழுவதும் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சிற்பி மாத்தளைப் பக்கம். ஸ்பீக்கர் போனில் பிடித்தார்கள். ஓட்டையை நீங்களே போட்டிருக்கக் கூடாதா என்று முதலில் நான்தான் கேட்டேன்.

"பெத்தவன் கையால காது குத்துறதாம்மா?" என்றார் அவர். சொல்லி வைத்தது போலப் பேசுகிறார்கள்.

அவருக்கு மச்சான் ஒருவர் உண்டாம். மொனராகலையில் பஸ் டிரைவர், பெயர் ராஜகோபால். ஆனால்... என்று இழுத்தார் சிற்பி. பேச்சுவார்த்தை இல்லையாம். சிற்பியின் சொந்த மகளுக்குக் காது குத்தும்போது, மச்சான் வரப் பிந்தியதால், நல்ல நேரம் தப்பிவிடும் என்று வேறு ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்களாம். அன்றைக்குச் சீர்த்தட்டோடு வாசலில் நின்றவர், தட்டோடு திரும்பிப் போனவர்தான்.

"நீங்களே கூப்பிடுங்க" என்றாள் சரோஜா, போனுக்குப் பக்கத்தில் குனிந்து. "எனக்காகக் கூப்பிடுங்கண்ணே. நான் திரும்பிப் போகணும்."

கூப்பிட்டாராம். என்ன பேசினார்கள் என்று பிறகு சிற்பியே எனக்குச் சொன்னார். "மச்சான், உன் மருமகளுக்குக் காது குத்தணும், வா" என்றாராம் இவர். "எந்த மருமக? அதுக்குத்தான் எப்பவோ குத்தியாச்சே" என்றாராம் அவர். "இது மூத்தவ" என்றாராம் இவர்.

மாமன் ஏற்பாடாகிவிட்டார். குத்துவது யார்? வழக்கப்படி நகை ஆசாரி வேண்டும். லுணுகலையில் நகைக்கடை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார்கள். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாராம். அதன் பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க ஆசாரியா மிஸ்?"

"இல்லை. கலைஞர்."

"அப்படின்னா?"

"நகை செய்வேன்."

"அப்ப ஆசாரிதானே" என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க இல்லியா? ஆத்தாளத் தொடுறதுல உங்களுக்கு ஒண்ணும்..." என்று நிறுத்தினார். பாருங்கள், எனக்காகத்தான் கவலைப்பட்டார். அம்மனுக்கு ஆட்சேபம் இருக்குமோ என்று யாருமே யோசிக்கவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். உண்மையில் உள்ளுக்குள் உதறல்தான். ஐம்பொன்னில் ட்ரில் வழுக்கிக் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தால், அந்தத் தோட்டத்திலிருந்து நான் பதுளைக்கு நடந்து வர முடியுமா?

திருவிழா அன்று காலை. மலைப் பாதையில் ஹார்ன் அடித்தபடி ஒரு பஸ் ஏறி வந்தது. முன் கண்ணாடியில் வேப்பிலைக் கொத்து. ராஜகோபால் சொந்த பந்தம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திறங்கினார். நல்ல பருமன், பட்டு வேட்டி, முறுக்கிய மீசை. சீர்த்தட்டுகள் இறங்கின. பட்டுச்சேலை, வளையல், வாழைத்தார்... கடைசியாகப் பஸ் கூரையிலிருந்து கட்டுக் கட்டாக மொனராகலைக் கரும்பு. அம்மன் கரும்பு தின்பாளா என்று கேட்டவரிடம், "மாமன் சீர்ல குறை சொல்லக் கூடாது" என்றார்.

மேளக்காரர் தயாராக இருந்தார். ராஜகோபால் உள்ளே வரவில்லை.

"நோட்டீஸ்ல என் பேரு இல்லியே" என்றார்.

நோட்டீஸ் எப்போதோ அடித்து முடித்தாகிவிட்டது. தலைவர் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார். "அம்பாளின் தாய்மாமன், மொனராகலை ராஜகோபால் அவர்களை ஆலய நிர்வாக சபையினர் பணிவன்போடு அழைக்கின்றனர்." மலை முழுக்க எதிரொலித்தது. அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

"ராஜகோபால்ன்னா பெருமாள் பேரு. பெருமாள் அம்மனுக்கு அண்ணன்தானே? மாமன் எப்படி ஆவாரு?" என்று கூட்டத்தில் யாரோ கிளப்பினார்கள்.

"குடும்பத்துக்குள்ளதானே, விடுங்க" என்றார் பூசாரி.

மாத்தளையிலிருந்து வந்திருந்த சிற்பி அம்மனுக்குக் கண் திறந்தார். கண்ணாடி காட்டினார்கள். சிற்பியும் மச்சானும் நேருக்கு நேர் நின்றார்கள். "வந்துட்டியா" என்றார் ஒருவர். "இந்தத் தடவ பிந்தல" என்றார் மற்றவர். அவ்வளவுதான் பேச்சு. ராஜகோபால் சம்மணம் போட்டு உட்கார, இரண்டு ஆள் தூக்கி அம்மனை அவர் மடியில் வைத்தார்கள். மனுஷனின் முகம் ஒரு தரம் சுருங்கி விரிந்தது.

நான் எலக்ட்ரிக் ட்ரில்லை எடுத்தேன்.

"கரண்டா? கைப்புள்ளைக்கா?" என்றார் பூசாரி.

ஆக, கையால் சுற்றும் ட்ரில். முனையை வைத்து லேசாகத் தட்டி ஒரு புள்ளி போட்டேன். சூடாகாமல் இருக்க இந்த வேலைக்கு எப்போதுமே எண்ணெய் விடுவோம். எண்ணெய் கேட்டதும் மூன்று பக்கத்திலிருந்து நல்லெண்ணெய்க் கிண்ணம் நீண்டது. சுற்றத் தொடங்கினேன். மெல்லிய சுருள் சுருளாக உலோகம் கழன்று மாமன் வேட்டியில் விழுந்தது. விழ விழப் பெண்கள் அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். என் பட்டறையில் தினமும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளும் தூள் அது...

சரோஜா எனக்குப் பக்கத்திலேயே முட்டி போட்டிருந்தாள். ட்ரில் பாதி போயிருக்கும். அம்மனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சாமி. இந்தா முடிஞ்சிருச்சு. அம்மா இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் முனை முறிந்துவிடும். கண் மட்டும் மங்கிவிட்டது.

சட்டென்று ட்ரில் மறுபக்கம் வந்தது. காது குத்தியதும் பிள்ளை அழும், வாயில் இனிப்பு வைப்பார்கள் இல்லையா? சரோஜா கையில் தயாராக வைத்திருந்த சீனியை அம்மன் உதட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, குத்திய காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மூச்சுக் காற்றாகக் கேட்டாள்.

"வலிச்சுதாடா?"

அவ்வளவு பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் விளங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தர்ஷிக்குக் கேட்டுவிட்டது.

"இல்லம்மா. எனக்கு வலிக்கவேயில்ல. மயக்க மருந்து குடுத்துட்டாங்க."

சரோஜா திரும்பிப் பார்த்தாள். பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டது. "முழிச்சப்பதான் உங்களத் தேடுனேன்" என்றது.

அதற்குப் பிறகு அழாதவர் என்று அங்கே யாரைச் சொல்வது? சரோஜா வாய்விட்டு அழுதாள். சிற்பி அழுதார். தலைவர் மைக்கை அணைக்க மறந்து அழுதார், மலை முழுக்கக் கேட்டது. மேளக்காரர் எப்போது தொடங்குவது என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடியே நின்றார்.

நான் ஜிமிக்கியை எடுத்துத் திருகாணியைப் போட்டேன். கொழுகொழுவென்று தொங்கியது. அழகாகத்தான் இருந்தது. சரோஜா சொன்னதுதான் சரி.

"இன்னொரு காது இருக்குங்க" என்றார் பூசாரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

எல்லோருமே மறந்துவிட்டோம். அம்மனைத் திருப்பி வைக்க வேண்டும். ராஜகோபால் அசையவில்லை.

"யாராச்சும் தூக்குங்கய்யா. கால் ரெண்டும் மரத்துப் போச்சு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

தூக்கினார்கள். தூக்கிய அம்மனை எங்கே வைப்பது? மேல் டிவிஷன்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். உடனே கீழ் டிவிஷன்காரர் ஒருவரும் வந்தார். அதற்குள் சரோஜா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வைங்க."

வைத்தார்கள். வழக்கம் என்ன, வரிசை என்ன என்று அந்த நேரத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தர்ஷி பின்னாலிருந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மடியில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக, "ம், குத்துங்கக்கா" என்றாள் சரோஜா.

தாய்மாமன் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க முதலில் எழுந்து நிற்க வேண்டுமே...